ஆத்தூர்த் தலப்படமும் மகதை மண்டலத்தின் மேலை எல்லையும்

வரலாற்று மூலங்களை எண்ணுமிடத்துக் கல்வெட்டு, செப்பேடு, நாணயம், இலக்கியம், அயல்நாட்டார் குறிப்பு என நிரல்படக் கூறுதல் தமிழ் ஆய்வாளரிடை நிலைபெற்ற வழக்கு. அந்நிரலில் நில அளவைத்துறையார் வெளியிடும் தலப்படத்திற்கு இடம் தரப்பெறுவதில்லை. புவியியல் மாணவர்க்குரிய கருவியென்று அதனை ஒதுக்கிவிடுகின்றோம். ஒரு கல்வெட்டு ஏரியின் பெயரையும் நிலத்தின் நான்கெல்லையையும் கூறும்போது, அவ்வேரி யாண்டுள்ளது, அதன் நீர் எத்திசை நோக்கி ஓடியது என்னும் வினாக்களை நம்மிற் பலர் எழுப்புவதே இல்லை. சேலம் மாவட்டத்து ஆத்தூரையும் அதனைச் சூழ்ந்த சமவெளியையும் காட்டும் தலப்படங்களை எடுத்துக்கொண்டு, அவை இடைக்கால வரலாற்றிற்கும் ஊர்ப்பெயர் ஆராய்ச்சிக்கும் எத்துணைப் பயன்படும் என்பதை ஈண்டு ஆராய்வோம். குறிப்பாக, மகதை மண்டலம் கொங்கு மண்டலத்தினின்று பிரியும் எல்லை யாது என்னும் வினாவிற்கு இப்படங்கள் ஒரு விடை தருகின்றன என்பது எமது கருத்து.

முதற்கண் படத்தின் அமைப்பைச் சுருங்கக் கூறுதல் வேண்டும். 1767இல் தோன்றிய இந்திய நில அளவைத்துறை நாடு முழுவதையும் எண்ணிட்ட தாள்களாகப் பகுத்துள்ளது. ஆத்தூர் நகரம் 58 ஐ/10 என்னும் தாளில் அமைகின்றது. அதன் மேற்கே வாழப்பாடி, பேளூர் முதலியவற்றைக் கொண்ட 58 ஐ/6. கிழக்கே தலைவாசல், ஆறகளூர் முதலியவற்றைக் கொண்ட 58 ஐ/14. ஒவ்வொரு தாளும் நெட்டாங்கிலும் அகலாங்கிலும் பதினைந்து கலையளவு நிலத்தைக் காட்டும். அஃதாவது பக்கத்திற்கு ஏறத்தாழ 27 கிலோமீட்டர். முன்னாளில் ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்னும் அளவையில் அச்சிடப்பட்ட இத்தாள்கள், மெட்ரிக் முறை நாட்டில் ஏற்கப்பட்ட பின்னர் 1:50,000 என்னும் அளவைக்கு மாறின. மேடு பள்ளங்களைப் பழுப்பு நிறச் சமவுயரக் கோடுகளும், பயிர்நிலத்தை மஞ்சளும், காட்டையும் தோப்பையும் பச்சையும், சாலையையும் குடியிருப்பையும் சிவப்பும் உணர்த்தும். நீர் நிற்கும் ஆறும் ஏரியும் நீலம். நீர் வற்றிக் கிடக்கும் ஓடை கருங்கோடு. இக்கடைசி வேறுபாட்டை நினைவில் இருத்துக. பின்னர் அது பயன்படும்.

இப்பகுதியை ஆங்கிலேயர் அளந்தது இதுவே முதன்முறையன்று. 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலமும் பாராமகாலும் கும்பினியார் கைக்கு வந்தபோது, அலெக்சாண்டர் ரீடு என்பார் இவற்றின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். தாமசு மன்றோ, கிரகாம், மக்லியாடு ஆகியோர் அவருக்குத் துணைவராயினர். ஆத்தூர் மலைக்குக் கீழ்ப்பட்ட தலகாட்டுப் பகுதியைச் சேர்ந்தது. 1799 வரை நிகழ்ந்த அவ்வளவை வரி விதித்தற்பொருட்டு எழுந்தது. வயலின் பரப்பும் தரமும் அதற்கு வேண்டியிருந்தன. மலையின் உயரமும் ஆற்றின் வளைவும் வேண்டியிருக்கவில்லை. 1802இல் இலாம்டன் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவையே பிற்காலத் தலப்படத்திற்கு அடிப்படையாயிற்று. ஆகலின், வயலை அறிய வருவாய்த்துறையின் கிராமப் படத்தையும், வயலுக்கு நீர் வந்த வழியை அறியத் தலப்படத்தையும் நாடுதல் வேண்டும்.

இனிப் படத்திற்குட் புகுவோம். 58 ஐ/10 தாளை விரித்தவுடன் கண்ணிற் படுவது வடக்கே நெருங்கி வளைந்து செல்லும் பழுப்புக் கோடுகளின் கூட்டம். அது கல்வராயன் மலை. தெற்கே அதுபோன்றே நெருங்கியிருப்பது பச்சைமலைத் தொடர். தென்மேற்கே அடுத்த தாளில் கொல்லிமலை. இவற்றின் நடுவே மஞ்சள் நிறம் பரந்த ஓர் அகன்ற இடைவெளி, மேற்கு கிழக்காக நீண்டு கிடக்கின்றது. ஆத்தூர்க் கணவாய் என்று நூல்கள் கூறுவது இதனையே. கணவாய் என்றதும் குறுகிய மலைச்சந்தை எண்ணிக்கொள்வோர், வயல்களும் தோப்புகளும் நிறைந்த இச்சமவெளியைக் கண்டு வியப்பர். சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை செல்லும் நெடுஞ்சாலையும், விருத்தாசலம் செல்லும் இருப்புப்பாதையும், வசிட்ட நதியும் இவ்விடைவெளியில் ஏறத்தாழ ஒருபோகாய்ச் செல்கின்றன. மைசூர்ப் போர்க்காலத்தில் மேட்டு நிலத்திலிருந்து கருநாடகச் சமவெளிக்கு இறங்கப் படைகள் நாடிய வழிகளுள் இஃது ஒன்று. செங்கம் வழி மற்றொன்று.

ஆற்றைப் பின்பற்றி மேற்கு நோக்கிச் செல்வோமாயின் நாம் தேடும் எல்லை புலனாகும். வசிட்ட நதி அருநூற்றுமலை, கல்வராயன் மலை ஆகியவற்றின் சரிவுகளினின்று நீர்பெற்று, பேளூர், ஏத்தாப்பூர், ஆத்தூர் வழியே கிழக்கு நோக்கி ஓடுகின்றது. ஆனால் சேலம் நகரத்தின் நீர் அவ்வாறு ஓடுவதில்லை. சேர்வராயன் மலையிற் பிறக்கும் திருமணிமுத்தாறு தெற்கு நோக்கிச் சென்று நாமக்கல் மாவட்டத்திற் காவிரியொடு கலக்கின்றது. சேலத்திற்கும் வாழப்பாடிக்கும் இடையில் எவ்விடத்தோ நிலம் மெல்ல உயர்ந்து, ஒருபால் வீழும் மழைநீர் காவிரிக்கும் மறுபால் வீழ்வது வெள்ளாற்றிற்கும் பிரிந்து செல்கின்றது. சாலையிற் செல்வோர் கண்ணுக்கு இம்மேடு தோன்றாது. ஓடைக் கோடுகள் எத்திசை நோக்கி ஒன்றோடொன்று கூடுகின்றன என்று படத்தில் நோக்கினாலன்றி அதனை அறிதல் அரிது. இதனையே நீர்ப்பிரிமேடு என்கின்றோம்.

கொங்கு மண்டலத்தின் கிழக்கெல்லையாகக் குளித்தலைப் பக்கத்து மதிற்கரையைக் கூறுவது மரபு. அஃது எல்லையின் தென்முனை ஒன்றையே சுட்டுகின்றது. அங்கிருந்து வடக்கே கோடு எவ்வழிச் செல்லும் என்பதற்கு அம்மரபில் விடையில்லை. மறுபுறம், ஆறகளூரைத் தலைநகராகக் கொண்ட மகதை மண்டலத்தைக் கல்வெட்டுகளால் அறிகின்றோம். மூன்றாம் குலோத்துங்கன் (1178-1218) காலத்தில் வாழ்ந்த பொன்பரப்பின வாணகோவரையன் அதன் தலைவர்களுட் சிறந்தவன். திருவண்ணாமலைக் கோயிலிற் பொன் வேய்ந்தமையால் அப்பெயர் பெற்றான் என்பர். இன்றைய சேலம் மாவட்டத்தின் கீழைப் பகுதியும் கள்ளக்குறிச்சி, விருத்தாசலம் பக்கங்களும் பெரம்பலூரைச் சார்ந்த நிலமும் அம்மண்டலத்துள் அடங்கின. அப்பகுதிகளின் பெயரை மட்டும் நோக்குவோர்க்கு அவை மூன்று நான்கு மாவட்டங்களிற் சிதறிய துண்டுகளாகத் தோன்றும். தலப்படத்தில் ஆற்றுக் கோடுகளை மையிட்டு வரைந்து நோக்கின், அவற்றிற் பெரும்பகுதி வெள்ளாறும் அதன் துணையாறுகளும் பாயும் ஒரே வடிநிலம் என்பது தெளிவாகும். இராசிபுர நாடு கொங்கு நாட்டுப் பிரிவுகளுள் ஒன்றாக எண்ணப்படுவதும், இராசிபுரத்து நீர் காவிரியை நோக்கிச் செல்வதும் இவ்விடத்து ஒப்புநோக்கத் தக்கன. ஆகவே வாழப்பாடிக்கு மேற்கேயுள்ள நீர்ப்பிரிமேடே மகதையின் மேலை எல்லை எனக் கொள்வது பொருந்தும் என்று துணிகின்றோம்.

இத்துணிபிற்குத் தடையாக ஒன்றைக் கூறலாம். அரசர் வலிமைக்கேற்ப எல்லை நகரும் அன்றோ? நகரும், ஆனால் மண்டலம் என்பது அரசனது படை சென்ற தொலைவு மட்டுமன்று. ஓர் ஆற்றின் தலைமடையாரும் கடைமடையாரும் நீரைப் பகிர்ந்துகொள்ளும் உறவும், அதுபற்றி எழும் வழக்கும், அவ்வழக்கைத் தீர்க்கும் சபையும் சேர்ந்ததே அது. மேட்டின் இருபுறத்தாரும் நீர்பற்றி வழக்கிடக் காரணம் இல்லை. இரண்டாவது தடை கடினமானது. கொல்லிமலையில் இந்த எல்லை மங்கிவிடுகின்றது. அம்மலையினின்று இறங்கும் ஐயாறு காவிரிக்குச் செல்கின்றது. அம்மலையிலேயே பிறக்கும் சுவேத நதி தம்மம்பட்டி, கெங்கவல்லி, வீரகனூர் வழியே ஓடி வெள்ளாற்றிற்குச் சேர்கின்றது. ஒரே மலை இரு வடிநிலங்கட்கும் தாயாக நிற்கின்றது. இங்கு நீரை மட்டும் கொண்டு எல்லை வகுத்தல் இயலாது. மலைமேலுள்ள ஊர்களின் கல்வெட்டுகளை நாட்டுப்பெயர் நோக்கித் தனியே தொகுத்தல் வேண்டும்.

ஆற்றைப் பற்றி நிற்கும் ஒற்றுமைக்குச் சான்று கல்வெட்டில் மட்டுமன்றி மக்கள் வழிபாட்டிலும் உளது. வசிட்ட நதிக் கரையில் ஐம்பூதத் தலங்கள் எனப் போற்றப்பெறும் ஐந்து சிவன் கோயில்கள் உள்ளன. பேளூர்த் தான்தோன்றீசுவரர் நிலமாகவும், ஏத்தாப்பூர்ச் சாம்பமூர்த்தீசுவரர் நீராகவும், ஆத்தூர்க் காயநிர்மலேசுவரர் தீயாகவும், ஆறகளூர்க் காமநாதீசுவரர் வளியாகவும், கூகையூர்ச் சொர்ணபுரீசுவரர் வானாகவும் கருதப்படுகின்றனர். இவ்வைந்தையும் தலப்படத்திற் குறித்து நோக்கினோம். மூன்று தாள்களிற் பரந்து கிடக்கும் இவை, மேற்கிலிருந்து கிழக்காக, ஆறு ஓடும் முறையிலேயே, நிலம் நீர் தீ வளி வான் என்னும் நூல்வழக்கு மாறாமல் நிற்கின்றன. இது தற்செயலாக அமைந்ததென்று கூறல் இயலாது. இம்மரபு எந்நூற்றாண்டில் எழுந்ததாயினும், இதனை வகுத்தோர் ஆற்றைத் தலை முதல் இடை வரை ஒரு முழுமையாக உள்ளத்திற் கொண்டிருந்தனர். அளவைக் கருவி ஏதுமின்றி, பூதங்களின் வரிசையையே நூற்கயிறாகக் கொண்டு ஆற்றினைக் குறித்துவைத்த வாய்மொழிப் படம் இது எனலாம். முதல் நான்கு தலங்கள் இன்று சேலம் மாவட்டத்திலும் ஐந்தாவது கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் உள்ளன. நிருவாகக் கோடு பிரித்ததை வழிபாட்டுக் கோடு பிரிக்கவில்லை.

ஆற்றின் பெயர்களும் ஆராயத்தக்கன. வசிட்ட நதியும் சுவேத நதியும் தொழுதூர் அணைக்கட்டிற்கு மேலே கூடி வெள்ளாறு என்னும் பெயர் பெறுகின்றன. அவ்வெள்ளாறு பெலாந்துறை, சேத்தியாத்தோப்பு அணைக்கட்டுகளைக் கடந்து பரங்கிப்பேட்டையருகே கடல் சேர்கின்றது. புதுக்கோட்டைப் பக்கத்துத் தென்வெள்ளாற்றினின்று பிரித்தறிய இதனை வடவெள்ளாறு என்பர். இதன் கரையிலுள்ள திருநெல்வாயில் அரத்துறையைப் பாடிய தேவாரத்தில் ஆற்றின் பெயர் நிவா என வழங்குகின்றது. சுவேதம் என்பது வெண்மையைக் குறிக்கும் வடசொல். சுவேத நதி என்பது வெள்ளாறு என்பதன் மொழிபெயர்ப்பே. இதனால் ஓர் உண்மை பெறப்படும். கூடிய ஆற்றிற்குரிய பெயரே இத்தெற்குக் கிளைக்கும் உரியதாயிருந்தது. எனவே முன்னையோர் இக்கிளையினையே தலையாறாகக் கருதினர் போலும். வசிட்டர் பெயர் பேளூரில் அம்முனிவர் வேள்வி செய்தார் என்னும் தலக்கதையொடு தொடர்புடையது. வேள்வியூர் என்பதே பேளூராயிற்று என்றும் கூறுவர். கதையின்வழி வந்த அப்பெயருக்கு முன்னர் வடக்குக் கிளை எப்பெயரால் வழங்கிற்று என்பது, ஆற்றங்கரைக் கல்வெட்டுகளில் நிலவெல்லை கூறும் பகுதிகளைத் துருவி ஆராய்வார்க்குரிய நல்லதோர் ஆய்வுப்பொருள்.

ஆத்தூர் என்னும் பெயரில் ஐயமில்லை. ஆறு + ஊர் என்பது ஒற்றிரட்டி ஆற்றூர் என்றாகும். காற்று காத்து என வழங்குமாறுபோல ஆற்றூர் ஆத்தூர் ஆயிற்று. தமிழகத்திற் பல ஆத்தூர்கள் உளவாதற்கும் இதுவே காரணம். ஆறகளூர் என்பதே சிக்கலானது. ஆறு அகழிகளையுடைய ஊர் என்று மக்கள் பொருள் கூறுவர். தலைநகர்க்கு அகழி இயல்பே. எனினும் எண்ணிக்கை ஆறாதல் வேண்டுமோ என்பது வினா. படத்தில் ஆத்தூர்க் கோட்டையின் இருப்பை நோக்குக. பதினேழாம் நூற்றாண்டிற் கெட்டிமுதலியார் கட்டிய அக்கோட்டை வசிட்ட நதியை ஒட்டி எழுந்தது. ஒருபுறத்தில் ஆறே அகழியாகப் பயன்பட்டது. அதே ஆற்றின் கீழே, அதற்கு நான்கு நூற்றாண்டுகட்கு முன்னர்த் தலைநகராயிருந்த ஆறகளூரும் ஆற்றை அகழாக உடைய ஊர் எனப் பொருள்படுதல் ஏலாதோ? எண்ணுப்பெயரினும் ஆற்றுப்பெயரே இவ்விடத்திற்கு ஏற்புடையது என்று யாம் கருதுகின்றோம். அகழின் சுவடுகளை நேரிற் கண்டு அளந்தபின்னரே இதனை முடிந்த முடிபாகக் கொள்ளலாகும்.

இனி ஏனை ஊர்ப்பெயர்கள். பேராசிரியர் ரா.பி.சேதுப்பிள்ளையவர்கள் 1946இல் வெளியிட்ட 'தமிழகம் - ஊரும் பேரும்' என்னும் நூல் இத்துறைக்கு வழிகாட்டி. ஆனால் பெயரை இடத்தினின்று பிரித்துப் பட்டியலிடும் வழக்கம் அதன்பின் வந்த ஆய்வேடுகளிற் பெருகிவிட்டது. பெயர்களைப் படத்தின்மேல் வைத்து நோக்கின் வேறொரு செய்தி கிடைக்கின்றது. ஆத்தூரைச் சூழ்ந்தும் அதற்கு மேற்கேயும் பெத்தநாயக்கன்பாளையம், இராமநாயக்கன்பாளையம், அம்மம்பாளையம், செல்லியம்பாளையம் எனப் பாளையங்கள் மிகுகின்றன. கிழக்கே தலைவாசல் பக்கத்தில் தேவியாக்குறிச்சி, நாவக்குறிச்சி, ஊனத்தூர், சிறுவாச்சூர் எனக் குறிச்சியும் ஊரும் மிகுகின்றன. பெத்த என்பது தெலுங்கில் பெரிய என்னும் பொருளது. நாயக்கர் காலத்துக் குடியேற்றத்தை அது சுட்டும். ஆகவே ஆற்றின் கீழ்ப்பகுதி மகதைக் காலத்திலேயே நிறைந்த குடியிருப்பாகவும், மேற்பகுதி பிற்காலத்தில் விரிந்ததாகவும் கொள்ளலாம். பேளூரும் ஏத்தாப்பூரும் பைத்தூரும் மேற்பகுதியிலேயே உள்ளமையின் இதனை எல்லாவிடத்தும் செல்லும் விதியாகக் கூறோம். தியாகனூரில் இன்றும் காணப்பெறும் புத்தர் திருவுருவங்கள் கீழ்ப்பகுதியின் தொன்மைக்கு மற்றொரு சான்று.

நீர்பற்றிய பெயர்கள் தனிச்சுவை உடையன. ஆனைமடுவு என்பதில் மடு என்னும் பழஞ்சொல், ஆற்றில் நீர் வற்றாது தேங்கும் ஆழத்தைக் குறித்து நிற்கின்றது. அதன் பக்கத்தூர் புழுதிக்குட்டை. நீரின்றிப் புழுதி பறந்த குட்டை என்று பெயரிட்டவர் நகைச்சுவை உடையவர் போலும். புனல்வாசல் என்னும் பெயர் எவ்வுரையையும் வேண்டாது. கெங்கவல்லிப் பக்கத்தில் 74. கிருட்டிணாபுரம், 95. பேளூர் என எண்ணொடு கூடிய ஊர்கள் உள. ஒரே பெயருடைய ஊர்களைப் பிரித்தறிய வருவாய்த்துறையார் இட்ட கிராம வரிசை எண் அப்பெயரொடு ஒட்டிக்கொண்டதென்றே இதனைக் கொள்ளல் தகும். வசிட்ட நதிக்கரைப் பேளூர் வேறு, இது வேறு. ஏட்டில் இட்ட எண் மக்கள் நாவிலும் பேருந்துப் பலகையிலும் ஊர்ப்பெயரின் உறுப்பாகவே நிலைத்துவிட்ட இவ்விந்தை, பெயராய்வாளர் கவனத்தை இன்னும் போதிய அளவு பெறவில்லை.

தலப்படத்தின் பெருங்குறை அதன் எழுத்து. ஆங்கில எழுத்தில் அச்சிட்ட தாளில் ர, ற என்பன ஒன்றாகும்; ல, ள என்பவும் ஒன்றாகும்; குறிலும் நெடிலும் மயங்கும். ஆறகளூரை அரகலூர் எனப் படிப்பாரும் உளர். அருநூற்றுமலை என்றும் அருநூத்துமலை என்றும் இன்று எழுதப்படும் மலையின் பெயரில் அறுநூறு என்னும் எண் உள்ளதா, அன்றி வேறு சொல் உள்ளதா என்பதைத் தாள் அறிவிக்காது. வல்லினமா இடையினமா என அறியாமல் சொற்பிறப்புக் கூறுதல் வீண். இதனினும் பெரிய குறை, சிறு ஏரிகளும் குட்டைகளும் பெரும்பாலும் பெயரின்றி நீல வடிவாகவோ வெற்று வரம்பாகவோ நிற்பது. கல்வெட்டு வேண்டுவது அப்பெயரையே. அப்பெயர் நீர்ப்பாய்ச்சும் முறைகாரர் வாயிலும் முதிய உழவர் நினைவிலும் உள்ளது. கிராமக் கணக்கின் அ-பதிவேட்டில் ஓரளவு உள்ளது.

காலமும் இதற்கு நெடிது நில்லாது. முன்னாளிற் பாசன ஏரியைச் சுற்றியே ஊரின் வாழ்வு அமைந்தது. மதகும் கலிங்கும் வாய்க்காலும் தனித்தனிப் பெயர் பெற்றன. இன்று ஆழ்துளைக் கிணறு ஒவ்வொரு தோட்டத்திலும் உள்ளது. நெல் விளைந்த நிலம் மரவள்ளிக்கும் பாக்குத் தோப்பிற்கும் மாறியுள்ளது. சேகோ ஆலைகளால் ஆத்தூரின் பெயர் வெளிமாநிலங்களிலும் அறியப்படும். ஏரியினின்று நீர் பாயாதபோது மதகின் பெயரைச் சொல்ல வேண்டிய தேவை ஒருவர்க்கும் எழுவதில்லை. புதிய நீர்நிலைகளும் தோன்றியுள்ளன. புழுதிக்குட்டையில் வசிட்ட நதியின் குறுக்கே 67.25 அடி உயரமும் 267 மில்லியன் கனஅடிக் கொள்ளளவும் உடைய ஆனைமடுவு அணையும், பாப்பநாயக்கன்பட்டியிற் கரியகோயில் ஆற்றில் 52.49 அடி உயரமும் 190 மில்லியன் கனஅடிக் கொள்ளளவும் உடைய அணையும் கட்டப்பெற்றுள்ளன. பழைய ஓரங்குலத் தாளில் இவை இல்லை. புதிய தாளில் உள. இரு பதிப்புகளையும் அடுத்தடுத்து வைத்து, எந்த ஏரி நீலத்தினின்று வெற்று வரம்பாயிற்று, எந்த வரம்பு அழிந்து மஞ்சளாயிற்று, எந்த மஞ்சள் சிவப்பாயிற்று என்று குறித்தால், ஒரு நூற்றாண்டில் இவ்வடிநிலம் அடைந்த மாற்றத்தின் கணக்கு கிடைக்கும்.

நீர்ப்பிரிமேடும் தன் பழைய நிலையில் இல்லை. ஆற்றூர் எனப் பெயர்பெற்ற நகரத்திற்கு இன்று குடிநீர் வருவது மேட்டூர்-ஆத்தூர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வழியே. காவிரி நீர் குழாயில் ஏறி, முன்னாளில் மண்டலங்களைப் பிரித்த அம்மேட்டைக் கடந்து வசிட்ட நதிக் கரைக்கு வருகின்றது.

எனவே எம் துறையில் முதுகலை பயிலும் மாணவர் செய்தற்குரிய பணி ஒன்றைக் குறிப்பிட விழைகின்றோம். மூன்று தாள்களிலும் உள்ள ஊர், மலை, ஓடை, ஏரி, குட்டை அனைத்தையும் கட்டத்திற்கு ஒருவராகப் பகிர்ந்துகொண்டு, உள்ளூரார் ஒலிக்குமாறே தமிழெழுத்திற் பதிவு செய்தல் வேண்டும். ஏரிக்குப் பெயர் மட்டுமன்றி, அதன் நீர் எவ்வோடையினின்று வருகின்றது, மிகுநீர் எவ்வேரிக்குச் செல்கின்றது என்பதையும் கேட்டெழுதுதல் இன்றியமையாதது. ஆறகளூர்க் கல்வெட்டுகளிற் காணும் நிலவெல்லைகளை அப்பட்டியலோடு ஒப்பிடுதல் அடுத்த படி. பணியை ஆத்தூரில் தொடங்காது கூகையூரில் தொடங்கி ஆற்றை எதிர்த்து மேற்செல்லுதல் நன்று. பழம்பெயர்கள் மிக்கிருப்பதும், அவற்றைக் கூறவல்ல முதியோர் விரைந்து குறைந்துவருவதும் அக்கீழ்ப்பகுதியிலேயாம்.